அக்கா வீட்டு ரெஃபரி

என் அத்தானுக்குக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. வரும், சத்தம் போடுவார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதை எங்கோ தொலைத்துவிட்டு நிற்பார்.

ஒரு சனிக்கிழமை அக்காவைத் திருநள்ளாறு கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அக்கா தலை குளித்து, பட்டுப்புடவை கட்டி, இரண்டு பெண்களுக்கும் பூ வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அத்தான் விடியற்காலையிலேயே நாகப்பட்டினத்துக்கு ஃபுட்பால் ஆடப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்ததும் சண்டை. இரண்டு பேரும் குரலை அடக்கவில்லை. அவருடைய அம்மாவிலிருந்து எங்கள் அப்பா வரைக்கும் எல்லோரும் அந்தச் சண்டைக்குள் வந்து போனார்கள். பிறகு அத்தான் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"கொழம்புல முருங்கைக்காயா? வாசனை தெருவரைக்கும் வருதே."

அக்கா கரண்டியைச் சட்டியில் போட்டாள். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இன்னுமா? அதான் பேசி முடிச்சாச்சே!"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அந்த 'இன்னுமா'வைத்தான் அக்காவால் தாங்கிக்கொள்ள முடியாது. பேசியதையெல்லாம்கூட மறந்துவிடுவாள், அந்த ஒரு சொல்லை மறக்கமாட்டாள்.

அத்தான் குரும்பகரத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சு படித்து, காரைக்காலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவானார். காலையில் அலுவலகம், ஐந்து மணிக்கு மைதானம், ஏழு மணிக்கு வீடு. அலுவலகத்தில் அவர் என்ன எழுதினார் என்பது எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. மைதானத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் சாப்பாட்டுத் தட்டில் வந்து சேரும். ரசம் சாதத்தின் நடுவில் ஒரு அப்பளத் துண்டை வைத்து, "இது கோல் போஸ்ட்டுன்னு வெச்சுக்க" என்று ஆரம்பிப்பார்.

அம்மா இறந்த பிறகு, பத்தொன்பது வயதில், நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். அப்போது காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. மாயவரத்திலிருந்து வந்த பஸ்ஸை எல்லையில் நிறுத்தி, என் தகரப்பெட்டியைத் திறந்து பாவாடை தாவணியெல்லாம் கிளறிப் பார்த்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தான் சைக்கிளோடு நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு. சைக்கிள் கைப்பிடியில் இரண்டு பூட்ஸும் கயிற்றால் கட்டித் தொங்கின. அம்மா போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"கமலா, நீ எதாவது ஆடுவியா?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "கோலாட்டம் ஆடுவேன்" என்றேன்.

அத்தான் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அப்ப கையி நல்லா திரும்பும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் இருந்த கீரைப்பாத்திகளைக் கொத்திச் சமன் செய்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, நடுவில் பழைய மீன்வலையைக் கட்டினார். பூப்பந்து ஆடுவதற்கு மட்டைகளும் கம்பளிப் பந்தும் கொண்டுவந்தார். கீரை போனதற்காக அக்கா ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். மறுநாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஒரு மட்டையை எடுத்தாள். அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாளை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்று பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் படலைத் தள்ளிக்கொண்டு வந்து, "நம்ம மாப்புள பொறத்த போயிருக்காரு, யாரும் பாக்கலியே?" என்று புருஷன் வெளியே போயிருப்பதைச் சொல்லிக் கேட்டுவிட்டு முக்காட்டை இறுக்கிக் கட்டினார். எங்கள் மூன்று பேரில் லாத்தாதான் கெட்டிக்காரி. அவர் அடித்தால் பந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

அத்தான் கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, நாங்கள் ஆடுவதை அப்படிக் கவனமாகப் பார்ப்பார். தோற்றுவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "முடிஞ்சதுல்ல, மட்டைய குடு, அடுத்தது" என்பார். எங்கள் அம்மா போன துக்கம் எனக்கு எப்போது குறைந்தது என்று கேட்டால், அந்தக் கொல்லைப்புறத்தில்தான் என்று சொல்வேன். அத்தான் அதை யோசித்துச் செய்தாரா, கீரைப்பாத்தியைவிடப் பூப்பந்து பெரிது என்று செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குடும்பஸ்தர் என்றால் முழுக் குடும்பஸ்தர். காலையில் மகள்கள் வசந்தாவுக்கும் மல்லிகாவுக்கும் அவர்தான் தலை பின்னிவிடுவார். பின்னல் இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே நீளத்தில் இருக்கும். மீன் வாங்குவது அவர் வேலை. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, மீன்காரம்மாளோடு பத்து நிமிஷம் வழக்காடுவார். கல்யாணம் காட்சிக்கு வெளியூர் கிளம்பினால் பஸ் ஏறுவதற்கு முன் எங்கள் தலைகளை எண்ணுவார். இறங்கியதும் மறுபடி எண்ணுவார். யாராவது ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டால், பாதி வழியில் இடம் மாற்றி உட்கார வைப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவர் கால் உடைந்தது நான் வந்த மறு வருஷம். திருமலைராயன்பட்டினத்து அணியோடு ஆட்டம். அங்கே பின்னால் நின்று ஆடுகிறவன் காசிம் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன். அவனுடைய வாப்பாவுக்கு அந்தப் பட்டினத்திலேயே கடை. அத்தான் பந்தை எடுத்துக்கொண்டு கோலை நோக்கி ஓடும்போது காசிம் குறுக்கே விழுந்தான். பந்தைத் தொட வேண்டிய கால் அத்தானுடைய வலது முழங்காலில் பட்டது. விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், நடக்கலாம், மெதுவாக ஓடக்கூடச் செய்யலாம், ஆனால் இனி ஆட முடியாது என்றார்.

அத்தானுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கால் உடைந்த அன்று அக்கா ஆஸ்பத்திரித் தூணில் சாய்ந்து அழுதாள். எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, காசிமை எங்கே வைத்துப் பிடிப்பது என்று பேசினார்கள். வேண்டுமென்றேதான் உதைத்தான் என்றான் ஒருவன்.

அத்தான் கேட்டார்: "ஆட்டம் என்னாச்சு? அதச் சொல்லுங்கப்பா."

"ரெண்டுக்கு ஒண்ணு. நாமதான் செயிச்சோம்."

"அப்பறம் என்னா? போயி அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க. பயந்துகிட்டு இருப்பான்."

காசிம் தனியாக வரவில்லை. அவனுடைய உம்மாவும் வந்தார். கூடையில் மாதுளம்பழம். வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து அந்த அம்மாள் தேம்பிக்கொண்டே, "என் புள்ள செஞ்ச தப்புக்கு நான் மாப்பு கேக்குறேங்க" என்றார். அத்தான் பதறிப்போய் எழுந்து உட்காரப் பார்த்தார். கட்டுப் போட்ட கால் விடவில்லை.

"ஆட்டத்துல பட்டதுங்க. ஆட்டம் முடிஞ்சு போச்சு, அதுவும் அதோட போச்சு. நீங்க அழுவாதீங்க." காசிம் பக்கம் திரும்பினார். "டேய், நீ கால முன்னாடி வைக்கிற. ஒடம்ப முன்னாடி கொண்டுபோவணும், கால் பின்னாடி தானா வரும். கட்டுப் பிரிச்சதும் காட்டுறேன்."

சொன்னபடியே, கோலூன்றிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தார். அதன் பிறகுதான் அத்தான் ரெஃபரியானார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து ஓடுவார். பட்டினத்து அணி ஆடிய ஆட்டத்துக்கு அவர் முதன்முதலில் விசில் பிடித்த அன்று, காசிமை இன்றைக்கு விடமாட்டார் என்று வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் வந்ததாம். ஒன்றும் நடக்கவில்லை. காசிம் தப்புச் செய்தபோது ஊதினார், செய்யாதபோது ஊதவில்லை. வந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

பின்னாளில் குரும்பகரத்து நிலத்துக்காகத் தம்பியோடு வழக்கு வந்தது. வாய்க்காலை ஒட்டிய நல்ல வயல் தம்பிக்கு என்று தீர்ப்பாயிற்று. கோர்ட்டிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு இலை போடச் சொன்னார் அத்தான். அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "வந்து சாப்புடு, கேசுதான் முடிஞ்சு போச்சே" என்று இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். மூன்றாம் தடவை தம்பி மனைவி வந்து, "அக்கா, அவரு பாயாசம் கேக்குறாரு, வீட்டுல வெல்லம் இல்ல, என்னா பண்றது?" என்று கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிப் போனாள். இப்படி அந்தக் குணத்தால் எங்களுக்குக் கிடைத்த நல்லது நிறைய.

ஆனால் ஒரு தடவை அந்தக் குணத்தைப் பார்த்து நான் பயந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த மாசி மாதம். இரண்டு பெண்களுக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். பாலு. இரண்டரை வயது. தெருவில் கிடக்கும் எதையும் காலால் தட்டிக்கொண்டேதான் நடப்பான். இடது காலால்தான் தட்டுகிறான் என்பதில் அத்தானுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "எடது கால் ஆட்டக்காரன் ஊருக்கு ஒருத்தன் கெடைக்கிறதே கஷ்டம்" என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

புதன்கிழமை பாலுவுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை எச்சில் விழுங்க முடியவில்லை. தொண்டை அடைப்பான் என்றார் டாக்டர். ஊசி போட்டார், தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அத்தான் மடியில் பாலு போய்விட்டான். சாயங்காலம் அரசலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை பால் தெளித்துவிட்டு வந்தார்கள். அத்தான் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குப் பாய் விரித்தார், தண்ணீர் கொடுத்தார், பெண்கள் இரண்டு பேருக்கும் சோறு பிசைந்து ஊட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். அக்கா கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அத்தான் கொடியிலிருந்து வெள்ளை அரைக்கால் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசில் கயிற்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குப் புரியவில்லை. "அத்தான், எங்க கெளம்பிட்டீங்க?"

"மைதானத்துக்கு. நாலரைக்கு ஆட்டம்."

"இன்னைக்கா?"

"டோர்னமெண்டு கடைசி ஆட்டம் கமலா. வெளியூர்லேந்து வந்து எறங்கிட்டாங்க. வேற ரெஃபரி இல்ல."

படுத்தபடியே அக்கா பேசினாள். "போவட்டும் விடு. அவருக்கு முடிஞ்சிருக்கும்."

அத்தான் நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவில் எதிர் வீட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிள்ளையை மண்ணில் வைத்து முழுதாக இரண்டு நாள் ஆகவில்லை.

விளக்கு வைத்து நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார். கிணற்றடியில் குளித்தார். மல்லிகாவைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தார். அக்கா அவரிடம் பேசவில்லை.

அந்தப் பேசாமை ஐந்து மாதம் நீடித்தது. சோறு போடுவாள், வேட்டி துவைப்பாள். சொல்ல வேண்டியதை வசந்தா மூலமாகச் சொல்வாள், "அப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்று. அத்தானோ எப்போதும்போல அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். "இன்னைக்கி கத்திரிக்கா பிஞ்சா கெடச்சுது." பதில் வராது. "மழ வரும்போல இருக்கு." வராது. 'இன்னுமா' என்று மட்டும் அந்த ஐந்து மாதத்தில் அவர் கேட்கவே இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. பாலு என்ற பெயரையும் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவனுடைய இரண்டு சட்டைகளையும் லாத்தா வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்திருந்தார். கல் மனசு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னைத் தேற்றியதும் இதே கல்தானோ என்றுகூட யோசித்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் காசிம் வந்தான். அத்தான் அலுவலகத்தில் இருந்தார். பினாங்கில் மாமா கடைக்குப் போகிறானாம், அடுத்த வாரம் நாகப்பட்டினத்தில் கப்பல். சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான். அக்கா மோர் கொடுத்தாள்.

"அண்ணன் எத்தன மணிக்கு வருவாங்க?"

"ஒங்க அண்ணன மைதானத்துல போயி பாரு. வீட்டுல யாரு செத்தாலும் அவருக்கு மைதானந்தான்." அக்கா அதை அவனிடம் சொல்ல நினைத்திருக்கமாட்டாள். ஐந்து மாதமாக உள்ளே கிடந்தது, வெளியே வந்துவிட்டது.

காசிம் டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா, அன்னைக்கி மைதானத்துல நடந்தது ஒங்களுக்குத் தெரியாதா?"

நான்தான், "என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"மொதப் பாதி முப்பத்தஞ்சு நிமிஷம், ரெண்டாம் பாதி முப்பத்தஞ்சு. அது ஆனதும் அண்ணன் விசில் ஊதணும். ஊதுனா ஆட்டம் முடிஞ்சுது. அன்னைக்கி எங்களுக்கும் வெளியூர் டீமுக்கும் ஒவ்வொரு கோல். நேரம் முடிஞ்சிருச்சு, எங்களுக்குத் தெரியுது. அண்ணன் ஊதல. கைக்கடியாரத்தப் பாக்குறாங்க, கைய கீழ போடுறாங்க, மறுபடி ஓடுறாங்க. பாத்துக்கிட்டிருந்த சனம், எக்ஸ்ட்ரா டைம் குடுத்துருக்காங்கன்னு நெனச்சுக்கிச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. நான் பக்கத்துல போயி, 'அண்ணே, நேரமாச்சுண்ணே'ன்னேன். என்னையப் பாத்தாங்க. 'ஆடுங்கப்பா, இன்னும் கொஞ்சம் ஆடுங்க'ன்னாங்க."

காசிம் மோர் டம்ளரைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான்.

"புள்ள மவுத்தாகி மூணாம் நாளுன்னு எல்லாத்துக்கும் தெரியும். வெளியூர் கேப்டனுக்கும் தெரியும். யாரும் ஒண்ணும் பேசிக்கல. ஆடுனோம். கோல் பக்கம் ஒருத்தரும் போவல. இவன் அவனுக்குத் தட்டுறான், அவன் இவனுக்குத் தட்டுறான். அண்ணன் பந்து பின்னாலேயே ஓடுறாங்க. நான் ஒடச்ச காலு அக்கா அது. நொண்டி நொண்டி ஓடுறாங்க. பொழுது போயிருச்சு, லைட்ஹவுஸ் வெளக்கு சுத்த ஆரம்பிச்சிருச்சு, பந்து கண்ணுக்குத் தெரியல. யாரோ அடிச்சது வாய்க்கால்ல போயி விழுந்துச்சு. எடுத்தார யாரும் போவல. அப்பத்தான் ஊதுனாங்க. ரொம்ப மெதுவா. பக்கத்துல நின்ன எனக்கே சரியா கேக்கல."

"இத ஏன் யாரும் சொல்லல?" என்றேன்.

"வெளிய பேசக் கூடாதுன்னு ரெண்டு டீமும் முடிவு பண்ணிக்கிட்டோம். அண்ணன் மானத்துல கை வைக்கிற மாதிரின்னு தோணுச்சு. அக்காகிட்டயாச்சும் அவங்களே சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்." எழுந்தான். "நான் கப்பல் ஏறிட்டா யாரு சொல்லப்போறா?"

அவன் போன பிறகு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகு நேரம் எதையோ தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு அத்தான் வந்தார், குளித்தார், உட்கார்ந்தார். அன்று வசந்தாவை அனுப்பாமல் அக்காவே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோற்றைப் போட்டாள். போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"அன்னைக்கி ஏன் ஊதல?"

ஐந்து மாதம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எந்த அன்றைக்கு என்று அத்தான் கேட்கவில்லை.

"காசிம் வந்தானா?"

"ஏன் ஊதல?"

அத்தான் சோற்றைப் பிசைந்தார். குழம்பு ஊற்றாத வெறும் சோறு. "ஊதுனா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"போனா என்னா?"

"நானும் வரணும்ல." கையை எடுத்தார். "வந்தா வாசல்ல அவன் நிக்க மாட்டான்."

தினமும் ஏழு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டதும் பாலு ஓடிப்போய் வாசற்படியில் நிற்பான். அத்தான் அவனைத் தூக்கி முன் பாரில் உட்கார வைத்துத் தெருக்கோடி வரை ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் உள்ளே வருவார். அந்த ஐந்து மாதமும் அவர் சைக்கிளைத் தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அக்கா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் பெண்களைக் கூட்டிக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போய்விட்டேன். லாத்தா எங்களுக்கு இடியப்பம் கொடுத்தார். திரும்பி வந்தபோது தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எடது காலுன்னு எப்புடிச் சொல்றீங்க? என் வயித்துல பாலு ரெண்டு காலாலயும்தான் ஒதைப்பான்."

"வலது காலு சும்மா ஊணிக்கிறதுக்கு. ஒதைக்கிறது எடதுதான்."

"ஒதை வாங்குனது நானா நீங்களா?"

அத்தான் அதற்குப் பிறகு மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். அவர் கோபம் முன்போலவே கால் மணி நேரத்தில் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒன்று. அக்கா, "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றால் முன்போல ஆச்சரியப்படமாட்டார். "சரி" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் முடிக்கிற வரைக்கும் அங்கேயே இருப்பார். சில நாள் மைதானத்துக்கு நேரமாகிவிடும்.

எனக்கு மறு வருஷம் காரைக்காலிலேயே கல்யாணமாயிற்று. அதனால் அவருடைய நீண்ட வாழ்க்கையை இரண்டு தெரு தள்ளி இருந்து பார்த்தேன். அக்காவுக்கு இன்னொரு பையன் பிறந்தான். அவனுக்கு ஆட்டம் எதிலும் நாட்டமில்லை, கணக்கில்தான் கெட்டி. அத்தான் அதையும் பெருமையாகவே ஊரெல்லாம் சொன்னார். ஐம்பத்தெட்டு வயது வரை விசில் பிடித்தார். கால் முடியாமல் போனபின் கோட்டோரம் கொடி பிடித்தார். அதுவும் முடியாமல் போனபின் பெண்கள் பள்ளிக்கூடத்து கோ-கோ ஆட்டத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி எழுதினார். பெண்களைக் கட்டிக்கொடுத்தார், பேரப்பிள்ளைகளை எடுத்தார். பினாங்கிலிருந்து காசிம் ஊருக்கு வரும்போதெல்லாம் கைலியும் தைலமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவான். எழுபத்து மூன்றாம் வயதில் அக்கா தூக்கத்திலேயே போனாள். அத்தான் அதற்குப் பிறகும் பதிமூன்று வருஷம் இருந்தார்.

கடைசிக் காலத்தில் மறதி வந்துவிட்டது. மகன் வீட்டில் இருந்தார். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி கேட்பார். பேத்தியை மல்லிகா என்று கூப்பிடுவார். ஒரு நாள் பேத்தி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், துணைக்கு நானும் போனேன். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை? அத்தானுக்குத் தெரியவில்லை. இது எந்த மாதம்? தெரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? யோசித்தார், சிரித்தார்.

"ஒங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேருங்க ஐயா?"

"நாலு" என்றார் அத்தான், உடனே.

பேத்தி டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். "இல்ல டாக்டர், மூணு பேருதான். ரெண்டு அத்தை, எங்க அப்பா. தாத்தா தப்பா சொல்றாங்க."

டாக்டர் தாளில் அந்தக் கேள்விக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டார்.

"மறதி இல்லைங்க டாக்டர்," என்றேன். "நாலுதான்."

பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் அத்தானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போட்ட குறியை அடித்துவிட்டுச் சரி என்று எழுதினார். அத்தான் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.